இங்கிலீஷ் சொல் தெரிகிறது, பேசும்போது காலம் தவறுகிறது: தினம் அரை மணி நேரத்தில் என்ன பயிற்சி செய்யலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம். தமிழ்ப்பள்ளி, பிறகு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை படிப்பு. இப்போது கோலாலம்பூரில் ஸ்டோர் வேலை. மின்னஞ்சல் எழுதிவிடலாம், ஆனால் வாயைத் திறந்தால் "யெஸ்டர்டே ஐ கோ", "டிட் யூ வென்ட்" என்றுதான் வருகிறது. இலக்கணப் புத்தகத்தில் இதே கேள்விக்குச் சரியாக எழுதுகிறேன். காலையில் செந்தூல் தீமோரிலிருந்து எல்ஆர்டி ரயிலில் கொஞ்ச நேரம், இரவில் வீட்டில் கொஞ்ச நேரம், மொத்தம் முப்பது நிமிடம் ஒதுக்க முடியும். சொல்லை மனப்பாடம் செய்வதா, இலக்கணமா? எதில் தொடங்குவது?

பழைய வாத்தியார்:
தம்பி, கோடிட்ட இடத்தை நிரப்பும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. பேச்சில் அது கிடைக்காது, அதனால் வாய் பழகிய மொழியைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் மலாய். "செமாலம் சாயா பெர்கி" (நேற்று நான் போனேன்) என்றாலும் "ஏசோக் சாயா பெர்கி" (நாளை நான் போவேன்) என்றாலும் பெர்கி மாறுவதில்லை. நேற்று என்று சொல்லிவிட்டாலே காலம் சொன்னதாகிவிடுகிறது. "யெஸ்டர்டே ஐ கோ" அப்படியே அந்த அச்சுதான்.

ஆகவே புதுப் பாடம் வேண்டாம், வாய்க்குத்தான் பயிற்சி. ஒரு வினையை எடுத்துக்கொண்டு நான்கு வரிகளைச் சத்தமாகச் சொல்லுங்கள்:

"ஐ கோ எவ்ரி டே."
"ஐ வென்ட் யெஸ்டர்டே."
"டிட் யூ கோ?"
"ஐ டிடின்ட் கோ."

நிறுத்தாமல் பத்து முறை. மூன்றாவது வரியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். இறந்தகாலத்தை "டிட்" வாங்கிக்கொண்டுவிட்டது, அதனால் "வென்ட்" பழையபடி "கோ" ஆகிறது. விதியாக ஒப்பிப்பதைவிட இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது அது காதிலேயே பதியும்.

ஒரு வினைக்கு இரண்டு நாள் கொடுங்கள். முதல் பன்னிரண்டு: கோ, கம், டேக், கிவ், கெட், பை, ஈட், சீ, டெல், சே, சென்ட், திங்க். இருபத்துநான்கு நாளில் முடியும். அதுவரை அடுத்த காலத்துக்குத் தாவ வேண்டாம்.

தமிழிலிருந்து வரும் பிழை ஒன்றும் உண்டு. "மூணு வருஷமா வேலை செய்றேன்" என்பதை நாம் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறோம். இதில் இரண்டு தவறு. எவ்வளவு காலம் என்று அளவு சொன்னால் "ஃபார்", எப்போதிலிருந்து என்று தொடக்கம் சொன்னால் "சின்ஸ்". முன்னால் "ஐவ் பீன் வொர்க்கிங்" வர வேண்டும். "ஐவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்", "சின்ஸ் 2021". இந்த இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

பினாங்குத் தமிழ்ச்செல்வி:
வாத்தியார் சொன்னதோடு ஒலியையும் பார்க்க வேண்டும். பலருக்குக் காலம் தெரியும், ஆனால் சொல்லின் கடைசி மெய் வாயிலிருந்து வருவதில்லை. "வாக்ட்" என்று நினைத்து "வாக்" என்று முடிக்கிறார்கள். கேட்பவர் காதில் அது நிகழ்காலம்.

"ஈடி" சேர்க்கும் வினைக்கு மூன்று ஒலி உண்டு. "வாக்ட்", "ஸ்டாப்ட்" இவற்றில் வல்லொலி ட். "கால்ட்", "ஓபன்ட்" இவற்றில் மென்மையான ட். சொல் ஏற்கெனவே ட் ஒலியில் முடிந்தால் மட்டும் இன்னோர் அசை கூடும்: "வான்டிட்", "நீடிட்". "வாக்கிட்", "ஸ்டாப்பிட்" என்பதெல்லாம் எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வருவது.

கடைசி ட் வரவில்லை என்றால் அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுங்கள். "வாக்ட் அவுட்" என்பதை "வாக்டவுட்" என்று ஒரே மூச்சில். நம் புணர்ச்சி போலத்தான், உயிர் முன்னால் இருந்தால் மெய் தானாக ஏறிக்கொள்ளும். கைப்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்து, ட் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் தேடினால் எதுவும் திருந்தாது.

கேட்பதற்கு பிஎஃப்எம் 89.9 வானொலி நேர்காணல்கள் நல்லவை, ஒலிப்பதிவாகவும் கிடைக்கின்றன. முப்பது விநாடி மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு முறை கேட்டு, மூன்றாம் முறை கூடவே பேசுங்கள். நாளிதழ் படிப்பதானால் தலைப்பை விட்டுவிடுங்கள். நேற்று நடந்ததையும் தலைப்பில் நிகழ்காலத்தில் போடுவார்கள். செய்தியின் முதல் பத்தியில்தான் சரியான இறந்தகாலம் இருக்கும்.

அட்டைப்பெட்டி:
சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. தனிச் சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள். அட்டையின் முன்பக்கம் தமிழில் ஒரு சூழல், பின்பக்கம் முழு வாக்கியம். "அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்க" என்று முன்னால், "குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?" என்று பின்னால். பேச்சு மலாயில் இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் "பிஞ்சாம்" ஒன்றே, அதனால்தான் "பாரோ மீ யுவர் பென்" என்று வருகிறது.

இப்படிப் பட்ட சொற்களை முதலில் அட்டையாக்குங்கள். நம்மவர் "ஃபாலோ" சொல்லும் பல இடங்களில் "கோ வித்" வேண்டும். "ஓபன் த லைட்" இல்லை, "ஸ்விட்ச் ஆன்". "ஸ்டே இன் செந்தூல்" இல்லை, "லிவ்". மின்னஞ்சலில் "ப்ளீஸ் ரிவர்ட்" என்று எழுதுவதையும் "ரிப்ளை" ஆக்குங்கள்.

இதற்கு ஆங்கி என்ற அட்டைச் செயலி போதும். அதன் தொடக்க அமைப்பில் நாளைக்கு 20 புது அட்டை வரும், அதை 7 ஆகக் குறையுங்கள். ஓர் அட்டை ஐந்து முறை திரும்பி வந்தால்கூட 20-க்கு நாளைக்கு நூறு சேர்ந்துவிடும். 7 என்றால் முப்பத்தைந்து, எல்ஆர்டியிலேயே முடிக்கலாம். ஒரே வாரத்தில் ஆசைப்பட்டு ஏற்றியவர்கள்தான் மூன்றாம் வாரம் செயலியையே அழிக்கிறார்கள்.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் காலையில் அட்டை, இரவில் நான்கு வரிப் பயிற்சி. ஒரு சந்தேகம்: "ஐ ஈட் ஆல்ரெடி" என்பதில் "ஆல்ரெடி"தான் தவறா? அதை விட்டால் வேலையிடத்தில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்களே.

பழைய வாத்தியார்:
"ஆல்ரெடி" தவறில்லை தம்பி. வினைதான் மாறவில்லை. "ஐவ் ஆல்ரெடி ஈட்டன்" சரி. மணி சொன்னால் "ஹேவ்" போய்விடும்: "ஐ ஏட் அட் டூ". மாமாக் கடையில் நண்பர்களோடு "ஈட் ஆல்ரெடி" தாராளமாகச் சொல்லுங்கள், அது நம் ஊர்ப் பேச்சு. வெளிநாட்டுச் சப்ளையர் அழைக்கும்போது மற்றது வாயில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஈட்" உங்கள் பன்னிரண்டில் ஏழாவது. அதற்கு வரும்போது இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஆறாக்கிக்கொள்ளுங்கள்.