அம்மாவுக்கு மார்பகப் புற்று, சித்திக்கு சினைப்பைப் புற்று: 32 வயது மகளுக்கு முதலில் எந்தப் பரிசோதனை?

செங்காந்தள்:
விவாதத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார். அம்மாவின் தங்கைக்கு 51 வயதில் சினைப்பைப் புற்றுநோய், அவர் இறந்துவிட்டார். மகளுக்கு 32 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை.

மகள் நாளைக்கே மரபணுப் பரிசோதனைக்கு ரத்தமோ எச்சிலோ கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆலோசனை, குடும்ப வரைபடம், இன்னொரு ஆலோசனை என்று மாதங்களை ஓட்டக்கூடாது. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கேடான மாற்றம் இருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69. சினைப்பைக்கு 44, 17. இவை 2017-ல் வந்த பெரிய தொடர் ஆய்வின் எண்கள். பி.ஆர்.சி.ஏ.1 இருப்பவருக்குச் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கும் வயது 35 முதல் 40. இந்தப் பெண்ணுக்கு 35 ஆக இன்னும் 3 வருடம்தான். குழந்தை வேண்டுமா என்ற முடிவும் அதற்குள் வந்தாக வேண்டும்.

வேர்மரம்:
அவசரப்படுவது சரி, ஆளைத்தான் மாற்றிவிட்டீர்கள். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் அம்மா.

மகளை மட்டும் சோதித்து ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. குடும்பத்தில் கெட்ட மாற்றம் ஓடுகிறது, இவருக்கு வரவில்லை என்பது ஒன்று. குடும்பத்தில் ஓடுவது இந்தச் சோதனையின் கண்ணில் படாத ஏதோ ஒன்று, அது இவரிடமும் இருக்கலாம் என்பது இன்னொன்று. முதலாவது என்றால் இவருடைய அபாயம் மற்ற பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும், வருடா வருடம் மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தேவையே இல்லை. இரண்டாவது என்றால் குடும்ப வரலாற்றின் சுமை அப்படியே தலையில் நிற்கும். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே வரியாகத்தான் வரும்.

அம்மாவைச் சோதித்தால் இந்தக் குழப்பம் வராது. அவரிடம் மாற்றம் கிடைத்தால் மகளுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பாதிக்குப் பாதி வாய்ப்பு, பதிலும் தெளிவாக வரும். அம்மாவிடம் இல்லையென்றால், சித்தியிடம் இருந்திருந்தாலும் அது அம்மா வழியாக மகளுக்கு வந்திருக்க முடியாது. அப்போது மிஞ்சுவது அம்மாவின் 44 வயதுப் புற்றுக்குக் காரணம் தெரியவில்லை என்பதுதான். அதை டைரர்-குஸிக் போன்ற கணிப்பு முறையில் போட்டு மகளின் வாழ்நாள் அபாயத்தைக் கணக்கிடலாம். 20 சதவீதத்தைத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. பேச்சுக்கு வரும்.

வரைபடத்தை வேண்டாத வேலையாக நினைக்காதீர்கள், 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்று வந்தவர் என்றால் எந்த உறுப்பு, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்பது. இறந்த வயதை எழுதிவைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ‘வயிற்றில் கட்டி’ என்று குடும்பத்தில் சொல்லப்படுவது சினைப்பையாகவும் இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். பழைய பயாப்ஸி (திசுச் சோதனை) ரிப்போர்ட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்பா பக்கத்தையும் விடாமல் கேளுங்கள். அப்பாவிடமிருந்தும் அதே பாதி வாய்ப்பில்தான் வருகிறது. அவருடைய பக்கம் பெண்கள் குறைவாக இருந்தால் மாற்றம் இரண்டு தலைமுறை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

செங்காந்தள்:
கோட்பாடு சரி. நடைமுறையில் அம்மாக்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்களா? ‘என்னால்தான் பிள்ளைக்கு வந்தது’ என்ற குற்ற உணர்ச்சியிலேயே மறுக்கிறவர்கள் உண்டு. இல்லையென்றால் இறந்திருப்பார். அப்போது மகள் காத்துக்கொண்டே இருப்பதா?

அதோடு, யாருக்கு இந்த மரபணுச் சோதனை செய்யலாம் என்று தீர்மானிக்க நீங்கள் எல்லோரும் நம்புகிற ‘தகுதிப் பட்டியல்’ ஓட்டை விழுந்த வலை. 2019-ல் 959 மார்பகப் புற்று நோயாளிகளைச் சோதித்தபோது, பட்டியலுக்குள் வந்தவர்களில் 9.4 சதவீதம் பேரிடம் கேடான மாற்றம் இருந்தது. பட்டியலுக்கு வெளியே நின்றவர்களிலும் 7.9 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்க மார்பக அறுவை மருத்துவர்கள் சங்கம், மார்பகப் புற்று வந்த எல்லோருக்குமே இந்தச் சோதனையைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. கதவைத் திறந்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

நிதானி:
அந்த 959 பேரும் நோய் வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நோயே வராதவர்களை வரிசையில் நிறுத்த அந்த எண்ணைக் காட்ட முடியாது.

பொதுவாகப் பேசுகிறேன்: மார்பகப் புற்றில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் ஒற்றை மரபணுவால் வழிவழியாக வருவது. பாட்டிக்கு 74 வயதில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக 28 வயதுப் பேத்தியை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) என்று 10 வருடம் எடுத்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு தடவையாவது ‘சந்தேகமாக இருக்கிறது, திரும்ப வாருங்கள்’ என்று அழைக்கப்படுகிறார்கள். பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. ஷாங்காயில் சுமார் 2,66,000 பெண்களை வைத்து நடந்த சோதனை முடிவு 2002-ல் வந்தது. மாதாமாதம் முறைப்படி மார்பைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்த குழுவில் சாவு குறையவில்லை, தேவையற்ற பயாப்ஸிதான் கூடியது. தேடினால் நல்லதுதானே என்ற எண்ணம் பெண்களைக் காயப்படுத்தவும் செய்யும்.

அலைநீளம்:
பாட்டி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், நிதானி. ஆனால் நாம் பேசுவது இந்த மகளைப் பற்றி. 44 வயதில் அம்மா, கூடவே நெருங்கிய உறவில் சினைப்பைப் புற்று. இது வேறு வகை. மாற்றம் உறுதியானவர்களுக்கு எண்களும் வேறு. மேமோகிராம் மட்டும் எடுத்தால் இருக்கும் புற்றில் 100-க்கு 40 தான் பிடிபடும், எம்.ஆர்.ஐ.யில் 85, இரண்டும் சேர்ந்தால் 93. இளம் வயது மார்பகம் அடர்த்தியானது. மேமோகிராமில் திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை.

அதனால் மாற்றம் இருப்பவருக்கு 25 வயதில் வருடாந்தர எம்.ஆர்.ஐ. தொடங்கும், 30-ல் மேமோகிராம் சேரும். 30-க்கு முன் பரிசோதனைக்கான எக்ஸ்-ரே கதிர்வீச்சு மார்பில் பட்டால் இவர்களுக்கு அபாயம் கூடுவதாக 2012-ல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது, அதற்காகத்தான் அந்த இடைவெளி. மாற்றம் இல்லை, ஆனால் வாழ்நாள் அபாயம் 20-ஐத் தாண்டுகிறது என்றால் குடும்பத்தில் மிக இளம் வயதில் வந்தவரின் வயதில் 10-ஐக் கழியுங்கள். இங்கே 34.

எம்.ஆர்.ஐ.யில் கெடுவது பெரும்பாலும் தேதியில்தான். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 15-ம் நாளுக்குள் எடுக்க வேண்டும். பின்பாதியில் எடுத்தால் ஹார்மோனால் சாதாரணத் திசுவே, படத்துக்காக ஊசியில் ஏற்றும் சாயத்தை உறிஞ்சி ஆங்காங்கே பளிச்சென்று ஒளிரும்; அந்த ஒளியில் 6 மில்லிமீட்டர் கட்டி ஒளிந்துகொள்ளும், அல்லது கட்டியே இல்லாத இடத்தில் கட்டி தெரியும். குப்புறப் படுக்க வேண்டும். மார்பு இரண்டும் காயிலின் (படம் பிடிக்கும் சட்டத்தின்) குழிக்குள் தளர்வாகத் தொங்க வேண்டும். ஓரத்தில் மடிந்து நசுங்கினால் அந்த மடிப்பில் படம் கெடும். சாயம் ஏறும் முன் ஒரு படம், ஏறிய பின் வரிசையாகச் சில படங்கள், பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துத்தான் பார்க்கிறோம். நடுவில் ஒரு இருமல் வந்தாலும் கழித்தல் பொருந்தாமல் போய்விடும். கர்ப்பம் இருந்தால் சாயம் கொடுப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

மேமோகிராம் நாளில் அக்குளில் பவுடரோ டியோடரன்டோ வேண்டாம். அதிலுள்ள அலுமினியத் துகள் படத்தில், புற்றின் அடையாளமாக இருக்கக்கூடிய சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலவே விழும், ஒரு தேவையற்ற மறு அழைப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

நிதானி:
அந்த 40, 85, 93-க்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். புற்று இல்லாதவரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்வதில் மேமோகிராம் 94, எம்.ஆர்.ஐ. 85, இரண்டும் சேர்ந்தால் 80. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஆரோக்கியமான 100 பேரில் 20 பேருக்குக் கலக்கம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் காடோலினியம் சாயம் மூளையில் இம்மியளவு தங்குகிறது என்பதும் தெரிந்த விஷயம். 25-லிருந்து வருடா வருடம் போட்டால் எத்தனை ஊசி? கண்டுபிடிப்பதும் உயிரைக் காப்பதும் வேறு வேறு.

அலைநீளம்:
ஏற்கிறேன், எழுதியிருக்க வேண்டும். காடோலினியம் தங்குவதால் மூளைக்குத் தீங்கு என்று இதுவரை காட்டப்படவில்லை. ஆனாலும் தேவையில்லாதவருக்கு அதைப் போடக்கூடாது. வேர்மரம் சொன்ன முதல் வகை ‘இல்லை’, அதாவது குடும்பத்தில் ஓடும் மாற்றம் இவருக்கு வரவில்லை என்ற உறுதி, அதனால்தான் இவ்வளவு மதிப்புள்ளது. ஒரு ஒற்றைச் சோதனை 40 வருட எம்.ஆர்.ஐ.யை மிச்சப்படுத்தும்.

உயிர் காப்பது பற்றி: 2024-ல் வந்த பல நாட்டுத் தொடர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. கண்காணிப்பில் இருந்த பி.ஆர்.சி.ஏ.1 பெண்களின் மார்பகப் புற்றுச் சாவு, கண்காணிப்பில் இல்லாதவர்களைவிடப் பல மடங்கு குறைவு. பி.ஆர்.சி.ஏ.2-ல் அப்படி நிரூபணமாகவில்லை. பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.ஆர்.சி.ஏ.1 புற்று சீக்கிரம் வளரும், பல நேரம் விளிம்பு வழவழப்பாக, உருண்டையாக, ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத கட்டி) போலவே சாதுவாகத் தெரியும். சாதாரணப் பெண்ணுக்கு ‘6 மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று பைராட்ஸ் 3 (‘பெரும்பாலும் தீங்கற்றது’ என்ற தரம்) கொடுக்கிற அதே படத்துக்கு, இவர்களுக்கு ஊசி பயாப்ஸி எடுப்பதே சரி. படிவத்தில் குடும்ப வரலாறு எழுதப்படாததால் விட்டுப்போகும் இடம் இதுதான்.

செங்காந்தள்:
சரி, அம்மா முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அவர் இருந்து, சம்மதித்தால். எந்தச் சோதனை? 80 மரபணு பேனல் (பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை) ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. வீட்டுக்கே வரும் எச்சில் கிட்டும் இருக்கிறது.

வேர்மரம்:
கிட் வேண்டாம். அவற்றில் பரவலாக விற்ற ஒன்று தொடக்கத்தில் பார்த்தது அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த) யூதர்களிடம் அடிக்கடி காணப்படும் 3 மாற்றங்களை மட்டுமே. இந்த இரண்டு மரபணுக்களில் அறியப்பட்ட கேடான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில். ‘கிட்டில் இல்லை’ என்பது வேறு வம்சத்தவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. கிட்டில் ‘இருக்கிறது’ என்று வந்தாலும் மருத்துவ லேபில் உறுதிசெய்யாமல் யாரும் கத்தியைத் தொடக்கூடாது.

80 மரபணுவும் வேண்டாம் என்பேன். மார்பகம், சினைப்பை சார்ந்த சுமார் 10 முதல் 20 மரபணுக்கள் போதும்: இரண்டு பி.ஆர்.சி.ஏ., பி.ஏ.எல்.பி.2, டி.பி.53, பி.டென், சி.டி.எச்.1, ஏ.டி.எம்., செக்2, ராட்51சி, ராட்51டி போன்றவை. பட்டியல் நீள நீள ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற வகையும் கூடும். லேப்களின் தரவில் குறைவாக இடம்பெற்ற மக்களுக்கு இது இன்னும் அதிகம். அதை வைத்து மார்பை எடுக்கவும் கூடாது, உறவினரைச் சோதிக்கவும் கூடாது. பின்னாளில் தெளிவாகிறவற்றில் 10-க்கு 9 தீங்கற்றவை என்றே முடிகின்றன. லேபிடம் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடு கேளுங்கள்.

லேபிடம் கேட்க வேண்டியது: ஒரு துண்டு முழுவதும் காணாமல் போனதையோ இரட்டித்ததையோ உங்கள் சோதனை பார்க்குமா? மரபணுவின் எழுத்துப் பிழையை மட்டும் தேடுகிற சோதனை அதைத் தவறவிடும். அம்மாவுக்குக் கட்டியிலிருந்து எடுத்த மரபணு ரிப்போர்ட் ஏற்கெனவே இருந்தால் அது போதாது. கட்டியில் புதிதாக வந்ததும் பிறவியிலேயே இருப்பதும் அதில் கலந்திருக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்திலும் எச்சிலிலும் கொடையாளரின் மரபணு வரும், தோல் மாதிரிதான் எடுக்க வேண்டும். பிறவி மாற்றம் என்றால் மாதிரியின் டி.என்.ஏ.யில் பாதிக்குப் பாதி அளவில் தெரியும்; டி.பி.53 மாற்றம் அப்படி இல்லாமல் 10, 20 சதவீத அளவில் தெரிந்தால் பதறாதீர்கள்; வயது ஆகும்போதும் கீமோவுக்குப் பின்னும் ரத்த அணுக்களில் மட்டும் அப்படி உருவாவதுண்டு. அதையும் தோலில் உறுதிசெய்ய வேண்டும்.

அம்மா மறுத்தால், சித்தியின் சேமித்த பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். டி.என்.ஏ. நைந்திருக்கும், எல்லா லேபும் எடுக்காது, ஆனாலும் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் மகளையே பேனலில் சோதியுங்கள், ‘இல்லை’ என்று வந்தாலும் குடும்ப வரலாற்றின்படி கண்காணிப்பு தொடரும் என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டு. பதில் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வந்துவிடும். ஆயுள் காப்பீடு எடுக்க நினைத்திருந்தால் அவருடைய நாட்டின் சட்டத்தை அதற்கு முன்பே பார்க்கட்டும்.

நிதானி:
மகளுக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டால்? மார்பை எடுப்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்.

வேர்மரம்:
எடுத்தால் மார்பகப் புற்று அபாயம் 90 சதவீதத்துக்கு மேல் குறையும். ஆனால் மார்பகத்துக்கு எம்.ஆர்.ஐ. என்ற நம்பகமான மாற்று வழி உண்டு, அவர் வேண்டிய அளவு யோசிக்கலாம். சினைப்பைக்கு அப்படி இல்லை. சி.ஏ.125 என்ற ரத்தச் சோதனையும் பெண்ணுறுப்பு வழி ஸ்கேனும் சேர்த்துத் தேடியும் பொது மக்களிடம் சாவு குறையவில்லை என்று 2021-ல் பிரிட்டிஷ் சோதனை காட்டியது. அதனால் காலக்கெடு உள்ள முடிவு சினைப்பை. பி.ஆர்.சி.ஏ.1-க்கு 35 முதல் 40, பி.ஆர்.சி.ஏ.2-க்கு 40 முதல் 45 வரை பொறுக்கலாம்.

செங்காந்தள்:
அம்மாவுக்கு ‘இருக்கிறது’ என்று வந்தால் தாய்மாமனுக்கு யார் சொல்வது? ‘ஆம்பளைக்கு எதுக்கு’ என்று அவர் தள்ளிவிடுவார்.

வேர்மரம்:
அம்மாவேதான் சொல்ல வேண்டும், கடிதமாக. மரபணு ஆலோசகரிடம் கேட்டால் எழுதித் தருவார். அதில் மரபணுவின் பெயர், மாற்றத்தின் முழுப்பெயர், உதாரணமாக ‘சி.68_69டெல்ஏஜி’ என்று எழுத்து பிசகாமல், கூடவே லேபின் ரிப்போர்ட் நகல். அது இருந்தால் மாமாவுக்கு ஒரே இடத்தைப் பார்க்கும் சிறிய சோதனை போதும். இல்லாவிட்டால் அவர் லேப் எதைத் தேடுவது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கும். பி.ஆர்.சி.ஏ.2 என்றால் அவருக்கே புராஸ்டேட் புற்று அபாயம் கூடுகிறது, ஆண் மார்பகப் புற்றும் வரலாம். அவருக்கு மகள்கள் இருந்தால், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இப்போது சோதிக்க வேண்டாம் என்ற வரியும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.