மறு: டீபக் – வழுநீக்கமா, வழு பார்த்தலா?

> 'பிழைதிருத்து' எல்லோருக்கும் புரிகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, கணினி நிரலில் (புரோகிராமில்) உள்ள பிழையைத் தேடிச் சரிசெய்வதைச் சொல்லும் 'டீபக்' (debug) என்பதற்கு அதை வைத்தால் புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். பிழைதிருத்துபவர் என்றால் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அவருக்குப் பிழை தாளிலேயே கண்ணெதிரே கிடக்கும். நமக்கு அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்குத் தரமணியில் ஒரு பில்லிங் நிரலோடு உட்கார்ந்தேன். மாதத்தின் கடைசி நாள் பில்கள் மட்டும் கூட்டுத்தொகையில் சேரவில்லை. நிரலில் 'விடக் குறைவு' குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். கண்டுபிடித்து எழுந்தால் கடைசிப் பறக்கும் ரயில் போய்விட்டது. போட்டது ஒரே ஒரு குறி, தேடியது ஏழு மணி நேரம். அதனால், தேடுவதைச் சொல்லாமல் நீக்குவதை மட்டும் சொல்லும் 'வழுநீக்கு' (வழு என்றால் பிழை) என்பதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

பேன் பார்க்கிறோம், 'பேன் நீக்குகிறேன் வா' என்று எந்தப் பாட்டியும் கூப்பிட்டதில்லை. வகிடெடுத்துத் தேடுவது, பிடிப்பது, நசுக்குவது எல்லாம் அந்தப் 'பார்'ப்பதிலேயே அடங்கிவிடுகிறது. அதே போல 'வழு பார்'. ஆங்கில மூலச்சொல்லான 'பக்' (bug) என்பதும் பூச்சிதானே!

பூச்சி என்றதும் 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) சிக்கிய அந்துப்பூச்சியை யாராவது கொண்டுவருவீர்கள். அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'பக்' நிஜமாகவே அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். அந்த 'நிஜமாகவே'யில்தான் கிண்டல் இருக்கிறது. சொல் முன்பே புழங்கியது; எடிசன் 1878-லேயே கருவிக் கோளாறுகளை 'பக்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

'பூச்சி பார்' என்றே வைக்கலாமே என்பீர்கள். வழுவை விட எனக்கு மனமில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுவைச் சொல்லும் நன்னூல் மரபில், வழுவையும் காரணம் பார்த்து ஏற்றுக்கொள்ளும் வழுவமைதியும் உண்டு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுதான்; உவப்பில் வந்த சொல் என்பதால் ஏற்றுக்கொள்கிறோம். 'இது பக் இல்லை சார், ஃபீச்சர்' என்று கிளையன்டிடம் சமாளிக்கிறோமே, அதற்கு வழுவமைதியைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

வழு பார்க்க உதவும் டீபக்கர் மென்பொருளுக்கு மட்டும் 'வழுபார்ப்பான்' காதில் உதைக்கிறது. தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் 'வழுநோக்கி' சரிவருமா?