பிஎச்பியில் தமிழ்க் கோப்புப் பெயர்: பழி யார் மேல்?

கரையான்: "கோப்புப் பெயர் உடைந்ததற்கு விண்டோஸ்தான் காரணம், பிஎச்பி என்ற நிரல்மொழி மேல் பழியில்லை" என்று தென்றல் தீர்ப்பு எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. 'கணக்கு' என்ற கோப்பு உள்ள கோப்புறையில் பழைய பிஎச்பியின் ஸ்கேன்டிர் (கோப்புப் பட்டியல் எடுக்கும் ஃபங்ஷன்) ஓடினால் '??????' என்று வரும். அதையே கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனுக்குக் கொடுத்தால் திறக்க முடியாது என்று கைவிரிக்கும். எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோடுக்கான டபிள்யூ (W) ஃபங்ஷன்கள் 1993இலேயே விண்டோஸ் என்டியில் இருந்தன. பிஎச்பி அழைத்தது கோட்பேஜை நம்பியிருக்கும் பழைய ஏ (A) வகையை. டபிள்யூ இருந்ததா, இல்லையா?

தென்றல்: தமிழுக்கென்று ஓர் ஆன்சி கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் பழைய அட்டவணை) கூட விண்டோஸ் தரவில்லை. கேள்விக்குறியைப் போட்டதும் விண்டோஸ்தான். பிஎச்பி என்ன செய்யும்?

கரையான்: டபிள்யூவை அழைத்திருக்கும். இருந்ததா, இல்லையா?

தென்றல்: விண்டோஸ் 98இல் அவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யாது. அதையும் தாங்க வேண்டியிருந்தது. வரலாறு தெரியாமல் பேச வேண்டாம்.

கரையான்: வரலாறா? 98க்கான ஆதரவை பிஎச்பி 5.3 கைவிட்டது 2009இல். யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) கோப்புப் பாதைகளோடு பிஎச்பி 7.1 வந்தது 2016 டிசம்பரில். நடுவில் ஏழு ஆண்டுகள் எந்த 98 கையைப் பிடித்து இழுத்தது? டேட்டாபேஸ் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

தென்றல்: அந்த விவாதத்தில் நழுவியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பனங்காடு: லினக்ஸுக்கு வந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. பெயர் வெறும் பைட்டுகள்தான்.

கரையான்: வாருங்கள், உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4இல் பெயருக்கு 255 பைட்டுகள். யூடிஎஃப்-8இல் தமிழுக்குக் குறிக்கு மூன்று பைட்டு. புள்ளி, கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. 85 குறிகளில் கதை முடிந்தது.

பனங்காடு: 85 குறிக்கு மேல் யார் பெயர் வைக்கிறார்கள்? உங்கள் பதிவுகளைச் சேமிப்பவர்களா?

மணிப்புறா: மேக்கை மறந்துவிட்டீர்கள். அதன் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் 'கொடி'யின் ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். அந்தப் பெயரை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுபோய் ஒற்றைக் குறியில் தேடினால் பிஎச்பியின் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷன் 'இல்லை' என்று சொல்லும். 7.1 இதைத் தொடவே இல்லை.

தென்றல்: அதுவும் பிஎச்பியின் குற்றமா? ஆப்பிளிடம் போய்க் கேளுங்கள்.

கரையான்: மேக் கதை வேண்டாம், பேச்சை மாற்றாதீர்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. டபிள்யூ இருந்ததா, இல்லையா?

தென்றல்: இருந்தது. கோட்பேஜ் இருந்ததா?

கரையான்: டபிள்யூவுக்கு எதற்கையா கோட்பேஜ்!