குளிரழுத்தமா, ஆறிய அழுத்தமா?

மடல் 1, ஸ்காபரோவிலிருந்து

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு வாளித் தண்ணீரால் வந்த வினையைச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடக்கிவிடலாகும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கோடையில் மாதம் ஒருமுறை அதைப் பௌமன்விலில் உள்ள பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவேன். போட்டிக்கு அல்ல, ஓட்டிப் பழகுவதற்கு. பலகையில் கனேடியன் டயர் என்ற கடையின் பெயர் இருந்தாலும் நாங்கள் இன்னும் மோஸ்போர்ட் என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.

ஊரிலிருந்து அண்மையில் வந்த என் மைத்துனர் உதவிக்கு வருவார். ரயருக்குக் காற்று அடிப்பதும் அளவு பார்ப்பதும் அவர் பொறுப்பு. (சென்னை நண்பர்கள் சிரிக்க வேண்டாம், எங்களுக்கு அது ரயர்தான்.) அவருக்காக ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் முதல் வரி: "ரயர் குளிராக இருக்கும்போது காற்றழுத்தம் 26 இருக்க வேண்டும்." நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓடித் தடத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், மனிதர் நான்கு சில்லுகளுக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"குளிராக இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே அத்தான் எழுதியிருந்தீர்கள்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஓடுவதற்கு முன் பார்க்கும் அழுத்தத்துக்கும், ஓடி வந்தவுடன் பார்க்கும் அழுத்தத்துக்கும் தமிழில் இரண்டு நல்ல சொற்கள் வேண்டும். வாளியைத் தூண்டாத சொற்களாக அறியத் தாருங்கள்.

மடல் 2, தஞ்சாவூரிலிருந்து

அன்புடையீர்,

இதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. முன்னது குளிரழுத்தம், பின்னது வெப்ப அழுத்தம். குளிர்த் தொடக்கம் (கோல்ட் ஸ்டார்ட்), குளிர் உருட்டல் (கோல்ட் ரோலிங்) என்றெல்லாம் பொறியியலில் எழுதிவருகிறோம். ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் என்ற சீர்மை இருந்தால்தான் கலைச்சொல் தொகுப்பு நிற்கும். தண்ணீர் ஊற்றியது மைத்துனரின் அவசரம், சொல்லின் குற்றமல்ல.

மடல் 3, திருவொற்றியூரிலிருந்து

தஞ்சை ஐயாவுக்கு வணக்கம்.

எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பொம்மைப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய ஊர் இது. ரப்பருக்குள் காற்றை அடைப்பதைப் பற்றிப் பேச எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மைத்துனர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். தவறு எழுதியவர் பக்கம் இருக்கிறது. நம் மொழியில் குளிர் என்றால் இயல்புக்குக் கீழே இறங்கியது: மார்கழிக் குளிர், குளிர்பானம், குளிர்பதனக் கிடங்கு. தானாகக் குளிராத பொருளை நாம் குளிர வைக்கிறோம். அதைத்தான் அவர் வாளியால் செய்தார்.

டயர்க்காரர்கள் சொல்லும் பொருள் வேறு. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. வெப்பநிலை இத்தனை டிகிரி என்ற பேச்சே அதில் இல்லை. சித்திரை வெயிலில் சென்னையில் காலை முதல் நிழலில் நின்ற கார், பகல் பன்னிரண்டு மணிக்கு 40 டிகிரியில் இருக்கும். அவர்கள் கணக்கில் அந்த டயர் அளவு பார்க்கத் தயார். அதைக் குளிர்ந்த டயர் என்று எழுதினால் படிக்கிறவன் தொட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான்.

இதற்குப் புதிதாகச் சொல் படைக்க வேண்டியதில்லை, அடுக்களையில் கிடக்கிறது. பால் ஆறுகிறது, சோறு ஆறுகிறது. ஆறிய பால் என்றால் பனிக்கட்டியில் வைத்த பால் என்று எந்தக் குழந்தையும் நினைக்காது. சூடு போய்ச் சுற்றுப்புறத்தோடு ஒன்றிவிட்ட பால். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "ஆற அமர" என்கிறோமே, அந்த மூன்று மணி நேர விதியை இதைவிடச் சுருக்கமாக யாரால் எழுத முடியும்? எனவே என் பரிந்துரை: ஆறிய அழுத்தம். எதிர்ச்சொல்லாகச் சூட்டழுத்தம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். அதில் எனக்கே முழு நிறைவில்லை.

சொல்லை எடைபோடும் முன் பொருளையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மியாட்டாவின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள 26 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு) என்பது ஆறிய அழுத்தம். (டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம், அடிக்க வேண்டிய அளவு அல்ல. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் அடிக்கச் சொல்கிறார்கள்.) காலை 14 டிகிரியில் 26 வைத்துவிட்டுத் தடத்தில் சில சுற்றுகள் ஓட்டினால், உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்கு ஏறக்கூடும். அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும்தான். எனவே வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்டி 40.7 ஆக்க வேண்டும். வெப்பநிலையையும் தனிச்சுழியிலிருந்து, அதாவது உறைநிலைக்கு 273 டிகிரி கீழேயிருந்து, எண்ணினால் 287, 333 என்று வரும். 40.7ஐ 333ஆல் பெருக்கி 287ஆல் வகுத்து, 14.7ஐக் கழித்தால் 32.5. யாரும் ஒரு துளிக் காற்றுகூட அடிக்காமல் ஆறரை ஏறிவிட்டது. சாலைக் காருக்கு இது பெரிய விஷயமில்லை, அட்டையில் எண்ணைப் போட்டவர்கள் இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். தடத்தில் வளைவுக்கு வளைவு பிடிப்பைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்.

அப்படியானால் எது சரியான எண்? அதை யாரும் மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. அதிகமானால் டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, கார் வழுக்கும். குறைந்தால் வளைவில் டயர் மடங்கித் தோளில் (தரையைத் தொடும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில்) ஏறி நிற்கும், திருப்பினால் உடனே கேட்காது. டயரின் தோளில் சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டு ஓட்டி வந்து பார்க்க வேண்டும். பக்கச்சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை, தோளிலேயே அழியாமல் நின்றால் காற்று கூடுதல். ஊசியைக் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் பார்க்கும்போது நடு மட்டும் அதிகமாகச் சுட்டால் காற்றைக் குறைக்கலாம். பிறகு ஒன்று, இரண்டு என்று மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். பாகு காய்ச்சுகிறவர் கரண்டியில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அதனால்தான் உகந்த அழுத்தம் என்பதைக் காற்றுப்பதம் என்று சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க ஆசையாக இருந்தது. ஈரப்பதம் வந்து கெடுத்துவிட்டது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று வானிலை அறிக்கை படிக்கும் நாட்டில் காற்றுப்பதம் என்றால் அதன் உறவுக்காரன் என்றுதான் நினைப்பார்கள். உகந்த அழுத்தமே இருக்கட்டும். ஆனால் அதைத் தேடும் வேலைக்குப் பதம் பார்த்தல் என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மடல் 4, கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குப் போகும் வழியில் டயர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் குழுமத்தில் படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

கடைக்கு வருகிறவர்கள் அழுத்தம் என்றே சொல்வதில்லை, காற்று என்றுதான் சொல்வார்கள். "முன்னால் எவ்வளவு காற்று?" "முப்பது." அவ்வளவுதான். தடத்திலிருந்து வரும் பையன்களிடம் நான் கேட்பது, "நின்ற காற்று எவ்வளவு, ஓடின காற்று எவ்வளவு?" இதில் சூடு என்ற பேச்சே வராது. காரணம் இருக்கிறது. கார் வெயிலில் நின்றாலும் டயர் சுடும். ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்தால் அந்தப் பக்கத்து இரண்டு டயரிலும் எண் ஏறியிருக்கும். அது ஓடியதால் வந்த ஏற்றமில்லை, அதை வைத்துக் காற்றைத் திருத்தினால் எல்லாம் கோணலாகிவிடும். சூட்டழுத்தம் என்று எழுதினால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுமே என்று பட்டது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடல் 5, மதுரையிலிருந்து

தமிழாசிரியையாக வேலை பார்த்த பழக்கத்தில் இரண்டு கேள்விகளோடு வந்தேன். அதற்குள் கோவைத் தம்பி ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டார்.

என் முதல் கேள்வி, ஆறியது டயரா அழுத்தமா என்பது. அழுத்தம் எப்படி ஆறும் என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். உண்ட மயக்கம் என்கிறோம், மயக்கமா உண்டது? குளித்த ஈரம், ஓடிய களைப்பு, அழுத முகம் எல்லாம் வழக்கில் இருக்கின்றன. வினை ஒருவருடையது, அதன் விளைவு இன்னொரு சொல். தமிழ்ப் பெயரெச்சம் இதைச் சுமக்கும். அப்படியானால் தம்பி சொன்ன ஓடின காற்றிலிருந்து ஓடிய அழுத்தம் என்று ஏன் எடுக்கக் கூடாது? ஓடிய களைப்பு போல ஓடிய அழுத்தம். சூட்டழுத்தத்தைவிட இது நன்றாக இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. அட்டவணையில் இடம் போதாமல் யாராவது ஆறழுத்தம் என்று சுருக்கினால் அது ஆறு அழுத்தங்களாகிவிடும், அல்லது காவிரியில் போய் விழும்.

மடல் 6, தஞ்சாவூரிலிருந்து

சீர்மையை இப்படி அடுக்களையில் கரைப்பது எனக்கு உடன்பாடில்லை. டொராண்டோவில் தை மாதம் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போகிறது. அங்கே டயர் குளிர்ந்துதான் கிடக்கிறது. அங்கும் ஆறிய அழுத்தம் என்பீர்களா?

மடல் 7, திருவொற்றியூரிலிருந்து

ஆம் ஐயா, அங்கும் அதேதான். நீங்கள் எடுத்துக் கொடுத்த சான்று என் பக்கம் நிற்கிறது. கதகதப்பான கராஜில் 18 டிகிரியில் 29 வைத்துவிட்டு, உறைநிலைக்கு 10 டிகிரி கீழே உள்ள குளிருக்குள் காரை வெளியே எடுத்தால், சிறிது நேரத்தில் அது 25க்கு அருகே இறங்கிவிடும். கராஜில் பார்த்ததும் ஓடாத டயர், வெளியே பார்ப்பதும் ஓடாத டயர். குளிரழுத்தம் என்று சொன்னால் இரண்டில் எது என்ற குழப்பம் வரும். ஆறியது என்றால் கார் ஓடப்போகும் இடத்தின் வெப்பநிலைக்கு வந்து சேர்ந்தது என்று பொருள் கொள்ளலாம். 40 டிகிரியானாலும் உறைபனியானாலும் அந்தச் சொல் பொய்யாகாது. குளிர்த் தொடக்கத்தை நான் தொடவில்லை, அது அங்கே இருக்கட்டும். ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே சொல் என்ற விதியைவிட, ஒரு பொருளுக்குப் பொருந்தும் சொல் என்பது எனக்கு முக்கியம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

கோவைத் தம்பிக்கு: பொறுத்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது, இந்த இழையின் நல்ல சொல்லை நீங்கள்தான் தந்தீர்கள். சூட்டழுத்தத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நின்ற காற்று என்பதையும் எடுத்துக்கொண்டிருப்பேன், ஐந்து நிமிடம் நின்றாலும் நின்றதுதானே என்ற ஐயம் தடுக்கிறது.

மதுரை அம்மாவுக்கு: அட்டவணையில் "ஆறிய", "ஓடிய" என்று தலைப்பு போட்டால் போதும். அழுத்தம் என்ற சொல்லை மேலே ஒரே முறை எழுதலாம். காற்றழுத்தம் என்று முழுதாக எழுதுவதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முன்சக்கரத்தில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று படித்தால் அடுத்த வரியில் புயல் எச்சரிக்கைக் கூண்டைத் தேடுவார்கள்.

மடல் 8, ஸ்காபரோவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்வந்தோம். குறிப்பை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். மைத்துனர் படித்தார், வாளியைத் தேடவில்லை. "அப்படியென்றால் முதல் நாள் இரவே வீட்டில் அளந்து வைத்துவிடலாமே அத்தான், இங்கே வந்து ஆறும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?" என்றார். அதை நான் இவ்வளவு காலம் யோசிக்கவில்லை.

முதலில் ஆறிய 26 வைத்து ஓட்டினேன். ஆறு சுற்று ஓடி உள்ளே வந்ததும் அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். இடது முன் 33, வலது பின் 31. தடம் வலஞ்சுழியாக ஓடுவதால் வலப்பக்க வளைவுகள் அதிகம், சுமை இடப்பக்கம் சாய்கிறது. இரண்டாம் வளைவின் இறக்கத்தில் மூக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகக் காற்றை இறக்கினோம். எல்லாம் ஓடிய 30 என்ற நிலையில்தான் கார் சொன்னதைக் கேட்டது, சாக்கட்டிக் கோடும் தோள் முடியும் இடம் வரை மட்டும் அழிந்திருந்தது. மாலையில் ஆறியபின் பார்த்தால் இடது முன் 24க்குச் சற்றுக் கீழே இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் நெடுஞ்சாலைக்காக மறுபடி 26 ஏற்றிக்கொண்டோம்.

அவருடைய கொப்பியில் இப்போது இரண்டு நிரல்கள் இருக்கின்றன: ஆறிய, ஓடிய. மூன்றாவதாக ஒரு நிரல் போட்டுத் தலைப்பில்லாமல் விட்டிருக்கிறார். சூட்டோடு சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியே விடுகிறோமே, அதற்குத் தமிழில் என்ன என்று கேட்கிறார். காற்று இறங்குதல் என்றால் பஞ்சர் என்று ஆகிவிடுமாம். குழுமத்தார் யோசித்துச் சொல்லுங்கள், அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி போகிறோம்.