டிரெய்லர் இழுக்க டீசல் எஸ்யூவியா, பெட்ரோல் எஸ்யூவியா: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாடு வந்து வேலையும் வீடும் ஓரளவு அமைந்ததும், பெரிய எஸ்யூவி ஒன்று வாங்கிப் பின்னால் கேரவனோ (காரில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) படகோ மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்ப வேண்டும் என்று பலருக்கும் ஆசை வருகிறது. அங்கே தொடங்குகிறது டீசலா பெட்ரோலா என்ற குழப்பம். என்னைக் கேட்டால் அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த டிரெய்லர் எத்தனை கிலோ, வருஷத்தில் எத்தனை நாள் இழுப்பீர்கள், மலைப்பாதையா சமவெளியா என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் கிடைத்தால் எஞ்சின் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் காலி டிரெய்லரின் எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி இருந்தால் அதுவே 100 கிலோ. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், சைக்கிள், கூடாரம் என்று சேர்ந்தால் இன்னும் சில நூறு கிலோ சுலபமாக ஏறிவிடும். எல்லாம் ஏற்றி ஒரு முறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். டிரெய்லரையே இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கப்போகும் டிரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இனி எஞ்சின். சுமை இழுக்கும்போது கைகொடுப்பது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை. அது எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2014 வாக்கில் அமெரிக்காவில் விற்ற ஜீப் கிராண்ட் செரோக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரே வண்டி, இரண்டு எஞ்சின். 3.6 லிட்டர் பெட்ரோல் வி6 தருவது 290 குதிரைத்திறன், சுமார் 350 நியூட்டன் மீட்டர் டார்க். 3.0 லிட்டர் டீசலுக்குக் குதிரைத்திறன் 240தான், ஆனால் டார்க் சுமார் 570. பெட்ரோல் தன் முழு டார்க்கைத் தர 4,700 ஆர்பிஎம் பக்கம் போக வேண்டும். டீசலுக்கு 2,000 போதும். அதனால் ஏற்றத்தில் டீசல் அதே கியரில் அமைதியாக ஏறிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் இரண்டு கியர் குறைத்து, சத்தம் போட்டு ஏறும். ஏறாமல் போகாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எஞ்சின் கெட்டுப்போகிறது என்று பயப்படவும் வேண்டாம். அது அப்படி ஓடவே செய்யப்பட்டது. ஆனால் ஆறு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் அலுத்துப்போகும்.

உயரமான மலைப் பகுதியில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கிறது. 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இன்றைய டீசல்கள் ஏறக்குறைய அனைத்திலும் டர்போ உண்டு, அதனால் இழப்பு குறைவு. டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும். ஆனால் பாரம் ஏறியதும் அதன் தாகம் அதிகமாகிவிடும். டீசலில் லிட்டருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது, எரியும் முறையும் சிக்கனமானது. எந்த எஞ்சினாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்தால்தான் மிச்சம் பிடிக்க முடியும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போவதைவிட 110இல் போகும்போது காற்றுத் தடை ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது. உயரமான கேரவனுக்கு அது பெரிய செலவு.

இவ்வளவு சொன்ன பிறகும் எல்லாரும் டீசல் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், கடை, பக்கத்து அலுவலகம் என்று குட்டிக் குட்டிப் பயணம்தான் என்றால் டீசல் உங்களுக்குத் தொல்லை. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி, சூடேறி அந்தக் கரியை எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்குப் பெரும் தொகை ஆகும். டிரெய்லர் இழுக்கும் நாட்களில் இந்த வடிகட்டி சந்தோஷமாக இருக்கும். மற்ற நாட்களில்தான் பிரச்சினை.

என் கணக்கு இது. ஏற்றிய எடை 1,500 கிலோவுக்குள், வருஷத்தில் சில வார இறுதிகள் மட்டும் என்றால் பெட்ரோல் போதும். 2,500 கிலோவுக்கு மேல், அடிக்கடி, மலைப்பாதையில் என்றால் டீசல். இடையில் இருப்பவர்கள், தினசரி ஓட்டம் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது பலரும் தவறவிடும் விஷயம்: பேலோடு, அதாவது உங்கள் வண்டி தன் மேல் தாங்கக்கூடிய பாரம். டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) வழியாக உங்கள் வண்டியின் மேலேயே இறங்குகிறது. வட அமெரிக்காவில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. 2,500 கிலோ டிரெய்லர், 10 சதவீதம் என்றால் 250 கிலோ. வண்டி தாங்கும் பாரம் 550 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 300. அதில் நான்கு பேரும் பெட்டிகளும் அடங்க வேண்டும். "இந்த வண்டி 3,000 கிலோ இழுக்கும்" என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் உங்கள் குடும்பம் ஏறினால் அது உண்மையாக இருக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் இந்த பேலோடு எண் ஒட்டியிருக்கும். வாங்கும் முன் அதைப் படியுங்கள். டீசல் எஞ்சின் பொதுவாக எடை கூடியது என்பதால், அதே மாடலில் டீசலுக்கு பேலோடு குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 2021 செவர்லே டாஹோவில் டீசலுக்கு டார்க் அதிகம், ஆனாலும் இழுவை வரம்பு 5.3 லிட்டர் பெட்ரோல் வி8க்கு ஏறத்தாழ சமம்தான். சட்டகம், பிரேக், கூலிங், அச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் ஓட்டும் சாதாரண பி உரிமத்தில் 750 கிலோ வரையிலான டிரெய்லர் இழுக்கலாம்; அதற்கு மேல் என்றால் வண்டி, டிரெய்லர் இரண்டின் அனுமதி எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய எஸ்யூவியே 2,800 கிலோ அனுமதி எடை கொண்டது என்றால், கேரவனுக்குக் கூடுதல் பயிற்சியோ வேறு உரிமமோ வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் பி உரிமத்திலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்க அனுமதி இருக்கிறது. அப்புறம், பழைய டீசலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதிகம் புகைவிடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டனின் யுலெஸ் வலயத்தில் கட்டணம் கட்டாமல் ஓட்ட டீசல் வண்டி யூரோ 6 புகைத் தரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். ஜெர்மன் நகரங்கள் சிலவற்றிலும் பழைய டீசலுக்குத் தடை உண்டு.

மலை இறங்கும்போது எந்த எஞ்சின் எப்படி என்று கேட்ட வாசகத் தம்பிக்கு: பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் (காற்று உள்ளே போகும் வழி) மூடி வண்டியின் வேகத்தைப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடி குறைவு. அதனால் சில டீசல் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) வைக்கிறார்கள், வாங்கும்போது இருக்கிறதா என்று கேளுங்கள். எது ஓட்டினாலும் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். டிரெய்லர் பாம்புபோல ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தை மெல்லக் குறையுங்கள். டிரெய்லரின் பிரேக்கைத் தனியாக இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் லேசாகப் பிடியுங்கள். கனமான சாமானை டிரெய்லரின் பின்பக்கம் அடுக்குவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

குளிரில் டீசல் ஒத்துவருமா என்று பனிப் பிரதேசத்தில் இருந்து கேட்ட வாசகத் தங்கைக்கு: கடும் குளிரில் டீசல் கெட்டியாகும், அதனால் அங்கே குளிர்கால டீசல் விற்பார்கள். வெயில் பகுதியில் நிரப்பிய டேங்கோடு மலைக்குப் போய் இரவு நிறுத்தாதீர்கள். டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். வண்டியே அதைச் சூடாக்கிக்கொள்ளும், கவலை வேண்டாம். ஆனால் டிரெய்லர் இழுக்கும்போது அது வேகமாகத் தீரும். அடியோடு தீர்ந்தால் பல வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

கடைசியாக, பம்பில் கைப்பிடியின் நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் கருப்பு டீசல், பச்சை பெட்ரோல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். பெட்ரோல் குழாய் மெலிதானது, பல டீசல் வண்டிகளின் டேங்குக்குள் தடையில்லாமல் போய்விடும். எழுத்தைப் படித்து நிரப்புங்கள். மாறிப்போனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, டேங்கைக் காலி செய்ய ஆளைக் கூப்பிடுங்கள்.