புதுப்பிப்பு: வளைவில் இருந்த பஸ் நிறுத்தம் நகர்ந்துவிட்டது

திருநெல்வேலியில் தென்காசி சாலையில் பேட்டை தாண்டி, வளைவை ஒட்டியே எங்கள் பஸ் நிறுத்தம். ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது, வேகத்தடை வாங்க என்ன வழி என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"வேகத்தடையை விடுங்க அண்ணாச்சி, முதல்ல நிறுத்தத்தை நகர்த்தச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுதினாரே, அதுதான் பலித்தது. முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்ததில் பதிவு எண் கிடைத்ததோடு சரி. அப்புறம் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில், போட்டோவும் தெருக்காரர்கள் கையெழுத்தும் இணைத்து மனு கொடுத்தோம். மூன்றாவது வாரம் அளக்க வந்தார்கள். இப்போது நிறுத்தம் வளைவுக்கு அப்பால், நேர்ச்சாலையில். இரு பக்கமும், வண்டி குலுங்கி வேகம் குறைகிற மாதிரி, வரிவரியாகத் தடித்த வெள்ளைப் பட்டை போட்டாயிற்று.

வேகத்தடை பற்றி: சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டைக் குவிப்பது முதுகுத்தடை.

எதிர்பாராதது இரண்டு. மினி பஸ்கள் இன்னும் பழைய இடத்தில்தான் நிற்கின்றன, டீக்கடை அங்கே இருக்கிறதே. பட்டையில் குலுங்காமலிருக்க பைக் ஓட்டுகிறவர்கள் மண் ஓரத்தில் இறங்குகிறார்கள், அதாவது நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில். அந்த ஓரத்தில் கல் நடச் சொல்லி அடுத்த திங்கள் மறுபடி மனு.