அரிசோனா இ.எஸ்.ஏ. கணக்கிலிருந்து தனி ஆசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் பணம் செலுத்துவது குறித்து

சாண்ட்லர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சாண்ட்லரில் ஒரு பொதுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வரும் கல்வியாண்டில் அவனைப் பள்ளியிலிருந்து விலக்கி, மாநில அரசின் எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுன்ட், அதாவது எல்லோரும் இ.எஸ்.ஏ. என்று சொல்லும் கல்வி உதவித்தொகைக் கணக்கின் வழியாக வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாமா என்று யோசித்து வருகிறோம். கணிதத்துக்கு ஒரு தனி ஆசிரியர், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு தெரபிஸ்ட், வார இறுதியில் தமிழ் வகுப்பு என்பது எங்கள் திட்டம். பேச்சுப் பயிற்சி இப்போது ஐ.இ.பி., அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவருக்காகப் பள்ளி வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம் மூலமாகப் பள்ளியிலேயே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கணிதம் கற்பிக்க எங்களுக்குப் பழக்கமான ஒரு பெண்மணி முன்வந்திருக்கிறார். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்; கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் இங்கே இருக்கிறார். இவருக்கு இந்தக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் செலுத்த முடியுமா, அல்லது நாங்கள் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டுமா? தமிழ் வகுப்புக் கட்டணத்தையும் இதிலிருந்து செலுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேசாவிலிருந்து ஒரு தந்தை:

வணக்கம் சகோதரி. இரண்டு பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்தி வருகிறோம் என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன்.

இத்திட்டம் 2011-இல் மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டு, 2022-இல் மாநிலத்தின் எல்லாப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சிறப்புக் கல்வித் தேவை இல்லாத மாணவருக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 டாலர் வரை கிடைக்கிறது. குறைபாட்டின் வகையைப் பொறுத்து இது பல மடங்கு உயரக்கூடும். பணம் காலாண்டுக்கு ஒரு முறை கிளாஸ்வாலட் என்ற இணையத் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் சேரும். அங்கிருந்து ஆசிரியருக்கு நேரடியாகச் செலுத்தலாம், அத்தளத்தின் சந்தையில் பாடப் பொருள்களை வாங்கலாம், அல்லது கையிலிருந்து கொடுத்துவிட்டு ரசீதைப் பதிவேற்றித் திரும்பக் கேட்கலாம்.

இங்கே பலரும் குழம்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆசிரியரோ நிறுவனமோ அத்தளத்தில் பதிவு பெற்றிருப்பது வேறு. நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க நினைக்கும் குறிப்பிட்ட தொகை அனுமதிக்கப்பட்ட செலவாக ஏற்கப்படுவது வேறு. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதனாலேயே அவர்கள் விற்கும் எல்லாமே அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. விதிக்குப் புறம்பான செலவு என்று பின்னர் தணிக்கையில் தெரியவந்தால், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர் பெற்றோர்தான். இக்கணக்குக்காக மாநிலக் கல்வித் துறையுடன் செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள், ஆசிரியர் அல்லர். ஆகவே முடிந்தவரை நேரடிச் செலுத்தலையே தேர்ந்தெடுங்கள். அதில் துறை மறுத்தால் உங்கள் கைப்பணம் போகாது.

பணம் மீதமிருந்தால் அடுத்த ஆண்டுக்கு அப்படியே செல்லும் என்பதால், காலாண்டு முடிகிறதே என்று அவசரப்பட்டுச் செலவழிக்கத் தேவையில்லை. வாசிப்பு, இலக்கணம், கணிதம், சமூகவியல், அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களையும் கற்பிப்பதற்கு இத்தொகையில் ஒரு பகுதியைப் பயன்படுத்துவதாக ஒப்பந்தத்தில் உறுதியளிக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் திட்டத்தில் கணிதமும் தமிழும் இருக்கின்றன; மற்றவற்றைக் காணவில்லையே!

கில்பர்ட் கணித ஆசிரியர்:

நான் பணம் பெறும் பக்கத்தில் இருப்பவன் என்பதால், எச்-4 குறித்து முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்மணியிடம் வேலை அனுமதி அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பிட்ட சில நிபந்தனைகளை நிறைவு செய்யும் எச்-4 விசாதாரர்களுக்கு 2015 முதல் அந்த அட்டை வழங்கப்படுகிறது. அது இல்லாமல் அவர் கட்டணம் பெற்றுக் கற்பித்தால் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும். அது அவருடைய குடியேற்ற நிலையையே பாதிக்கக்கூடும். சேவை வழங்குநராகப் பதிவு செய்யும்போது வரி விவரப் படிவம் தர வேண்டும், பெறும் தொகைக்கு வருமான வரியும் கட்ட வேண்டும் என்பதால், இதை நட்புக்கான கைம்மாறாக மறைத்துவைக்க வழியில்லை. நீங்களே கொடுத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறுவதும் இதற்குத் தீர்வாகாது, ஏனென்றால் அவர் ஊதியம் பெற்றார் என்பதற்கு உங்கள் ரசீதே சான்றாகிவிடும். உதவி செய்ய வந்தவருக்கு நாமே சிக்கலை வரவழைக்கக் கூடாது.

அட்டை இருந்தால் தடையேதும் இல்லை. பட்டச் சான்றிதழைத் தகுதிச் சான்றாகக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். இன்வாய்ஸில் மாணவர் பெயர், பாடம், வகுப்பு நடந்த நாள்கள், மணிக்கணக்கு, மணிக்கான கட்டணம், கற்பிப்பவரின் பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கட்டும். "டியூஷன் கட்டணம்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பியவர்களின் இன்வாய்ஸ்கள் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புதலுக்குச் சில நேரம் வாரக்கணக்கில் ஆவதால், அதுவரை ஆசிரியர் காத்திருக்கச் சம்மதிப்பாரா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற தனி ஆசிரியர்கள் பலர் இத்திட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்பதற்கு இந்தத் தாமதமே காரணம்.

தமிழ்ப் பள்ளியைப் பொறுத்தவரை, தன்னார்வலர்கள் நடத்தும் பள்ளி வழங்குநராகப் பதிவு செய்ய விரும்புமா என்பதை நிர்வாகிகளிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு இந்த ஆவண வேலை பெரும் சுமை என்பது என் கருத்து.

டெம்பியிலிருந்து ஒரு தாய்:

மேலே பேசப்பட்டவை அனைத்தும் பணம் செலுத்தும் முறை பற்றியவை. அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது உங்கள் மகனின் ஐ.இ.பி. பற்றியது. இ.எஸ்.ஏ. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, உங்கள் பிள்ளைக்குக் கல்வி வழங்கும் கடமையிலிருந்து பள்ளி மாவட்டத்தை, அதாவது உங்கள் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை, நீங்கள் விடுவிக்கிறீர்கள். மத்தியச் சட்டத்தின்படி பொதுப் பள்ளி மாணவருக்கு உரிய கட்டணமில்லாத, பொருத்தமான சிறப்புக் கல்வி என்ற உரிமை, அந்தக் கணக்கை வைத்திருக்கும் வரை அவனுக்கு இருக்காது. பேச்சுப் பயிற்சி போதவில்லை என்று இன்று நீங்கள் பள்ளியில் கூட்டம் கூட்டி வாதிடலாம். நாளை தனியார் தெரபிஸ்டிடம் அப்படி வாதிட எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

எங்கள் மகளுக்கு நாங்கள் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுத்தோம், அது அவளுக்கு நன்றாகவே அமைந்தது. ஆனால் அவளுக்குக் கிடைக்கும் தொகை அதிகம். பேச்சுக் குறைபாட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் தொகை, தனியார் தெரபிஸ்டின் ஆண்டுக் கட்டணத்தை ஈடுசெய்யுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈடுசெய்யாவிட்டால், இலவசமாகக் கிடைத்ததைக் கைவிட்டுவிட்டு, கணிதத்துக்கான பணத்தை எடுத்துப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுக்க நேரும். குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு இந்தப் பயிற்சிக்குப் பணம் தருகிறதா என்பதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

டாலஸ் வாசகர்:

டெக்சாஸில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே 2025 மே மாதம் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026-27 கல்வியாண்டிலிருந்து 100 கோடி டாலர் ஒதுக்கீட்டில் இதே போன்ற கணக்குகள் தொடங்குகின்றன. கல்வித் துறையன்றி மாநிலக் கணக்காயர் அலுவலகம் இதை நிர்வகிக்கிறது. தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு 10,000 டாலருக்குச் சற்று மேல் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 2,000 டாலர் வரைதான். அரிசோனாக் குடும்பங்கள் சொல்லும் தொகைகளை மனத்தில் வைத்து யாரும் இங்கே திட்டம் போட வேண்டாம்.

உறவினர் விதியும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. மூன்றாம் நிலை வரையிலான உறவினருக்கு இப்பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. பாட்டி, சித்தி, மாமா எல்லோரும் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்து, சித்தியே கணிதம் சொல்லித் தரும் வீடுகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

சாண்ட்லர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அவரிடம் கேட்டேன், வேலை அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் வரவில்லை. ஐ.இ.பி. பற்றி நாங்கள் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவே இல்லை. பள்ளியில் அடுத்த ஆய்வுக் கூட்டம் முடிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். ஒருவேளை விண்ணப்பிப்பதானால், பள்ளியிலிருந்து எப்போது விலக்க வேண்டும்?

மேசாவிலிருந்து ஒரு தந்தை:

விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஒப்பந்தம் உங்கள் கைக்கு வரும் வரை பள்ளியில் இருக்கட்டும். கையெழுத்திட்டதும் விலக்கல் படிவத்தைக் கொடுத்து, அதன் நகலைத் தேதியுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பள்ளிச் சேர்க்கையும் இ.எஸ்.ஏ.யும் ஒரே காலத்தில் இருப்பது ஒப்பந்த மீறலாகும். அரசு நிதியில் தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளிக்கும் இதே விதிதான். பள்ளி அலுவலகத்தில் யாராவது வீட்டுக் கல்விக்கான உறுதிமொழிப் பத்திரத்தைக் கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவு) அலுவலகத்தில் தாக்கல் செய்யச் சொன்னால் செய்ய வேண்டாம், சட்டப்படி இ.எஸ்.ஏ. மாணவர் வீட்டுக் கல்வி மாணவர் அல்லர், இரண்டும் சேர்ந்திருக்க முடியாது. வரிச் சலுகை வழியாகத் தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை தரும் அமைப்புகளிடம் வேறு விண்ணப்பம் ஏதேனும் போட்டிருந்தால், அந்தத் தொகையையும் இதே காலத்தில் பெறக் கூடாது.